பேர் வெட்டிய டம்ளர்

ஜூன் 2, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. இன்று சாம்பார் சாதம், முட்டை. நூற்று எழுபத்தாறு பிள்ளைகள். ஒரு பருக்கை மிஞ்சவில்லை.

இந்த டைரி என் மகனுக்கு டயர் கடையில் கொடுத்தது. லாரி ஓட்டுகிறவனுக்கு எழுத நேரம் ஏது? ஐந்து மாதம் சும்மா கிடந்தது. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். படித்த வரைக்கும் வகுப்பில் நான்தான் முதல். சத்துணவு இருப்புப் பதிவேட்டில் அமைப்பாளர் ஜெயசீலி டீச்சரின் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். என் எழுத்து குண்டுகுண்டாக இருக்கும். முப்பத்தொரு வருடமாகச் சமையலர். வருகிற மே மாதத்தோடு ஓய்வு. அதுவரைக்கும் நடப்பதை எழுதி வைக்கலாம் என்று எடுத்தேன்.

இரண்டு கைக்கும் மருதாணி அரைத்து வைத்திருக்கிறேன். உள்ளங்கை, புறங்கை, பத்து நகமும். உதவியாளர் தங்கக்கிளி பார்த்துவிட்டு ஒரே சிரிப்பு.

"என்னக்கா, பொண்ணு பாக்க வாராகளா?"

"ஆமாட்டி. உனக்கு மொண்டி மாமன் எவனும் இருந்தாச் சொல்லு" என்றேன்.

வெயில் காலம். உடம்புக்குக் குளிர்ச்சி. அவ்வளவுதான்.

ஜூன் 5, வியாழன்

வீட்டில் யாரும் எழுவதற்குள் பாயை உதறினேன். இரண்டு தடவை. கறுப்பு ரவிக்கை இரண்டையும் மருமகள் இசக்கிக்குக் கொடுத்துவிட்டேன். எனக்கு இப்போது கறுப்பு பிடிப்பதில்லை.

தலையில் பொடுகு. வேப்பெண்ணெய்.

ஜூன் 12, வியாழன்

முட்டை உரித்தேன். ஓட்டுக்கும் வெள்ளைக்கும் நடுவே ஒரு மெல்லிய தோல் இருக்கும். அதைக் கிழியாமல் எடுப்பதுதான் கைவேலை. தங்கக்கிளி உரித்தால் முட்டைக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கும். நான் உரித்தால் பளிங்கு.

இப்போது நகத்தில் பிடிமானம் குறைவு. தையல்காரர் விரலில் மாட்டுகிற தொப்பி மாதிரி நகமெல்லாம் புள்ளிப் புள்ளியாகக் குழி. சுண்ணாம்புச் சத்துக் குறைவாக இருக்கும். மருதாணி வைத்தால் தெரியாது.

ஜூன் 21, சனி

இசக்கி காலையில் மாவு புளித்துப்போச்சு என்று குருவம்மா கடையில் இட்லி வாங்கி வந்தாள். பேத்தி தர்ஷினி ஆறு தின்றாள். நான் பழைய சோறு சாப்பிட்டேன். அந்தக் கடை இட்லி எனக்கு ஒத்துக்கொள்ளாது.

குருவம்மா என் கொழுந்தன் பெண்டாட்டி. இரண்டு தெரு தள்ளித்தான் கடை. கொழுந்தன் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம். பேச்சுவார்த்தை கிடையாது. அது பழைய கதை, அதை எழுத இந்த டைரியில் இடம் இல்லை.

ஜூன் 28, சனி

மருதாணிச் செடி மொட்டையாக நிற்கிறது. வாரம் இரண்டு தடவை உருவினால் எந்தச் செடி தாங்கும்? ஃபேன்சி ஸ்டோரில் கோன் வாங்கினேன். பத்தே நிமிடத்தில் கறுகறுவென்று பிடிக்கும் என்றான். இரண்டு கையிலும் கையுறை போட்ட மாதிரி முழுக்கப் பூசினேன்.

ஜூன் 29, ஞாயிறு

கை எரிகிறது. தேங்காய் எண்ணெய் தடவினேன்.

ஜூன் 30, திங்கள்

எழுதவே முடியவில்லை. கொப்புளம் கொப்புளமாக வந்து உடைந்து நீர் வடிகிறது. வெள்ளைத் துணி சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனேன். அரிசி களையும்போது துணி நனைந்துவிட்டது. அவிழ்த்தேன். அந்த நேரம் பார்த்து மகேஸ்வரி உள்ளே வந்தாள். பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு அவள்தான் தலைவி. மகன் மூன்றாம் வகுப்பில் படிக்கிறான்.

"அய்யோ, என்னது இது? கையா இது?"

"கோன் வச்சேன். ஒத்துக்கிடல."

"இது கோன் இல்ல. முழங்கைல பாருங்க, செதில் செதிலா உரியுது. எத்தன நாளா இருக்கு?"

நான் சேலையை இழுத்து முழங்கையை மூடினேன். மூடியிருக்கக் கூடாது. அதை அவள் பார்த்தாள்.

ஜூலை 1, செவ்வாய்

ஜெயசீலி டீச்சர் வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"சீனித்தாயம்மா, கை சரியாகற வரைக்கும் லீவு எடுத்துக்கங்க. நான் ஒண்ணும் சொல்லல. பெத்தவங்க பயப்படுறாங்க."

"முப்பத்தொரு வருசத்துல ஒரு பிள்ளைக்கு வயிறு வலிச்சிருக்கா டீச்சர்?"

"இல்ல."

"இந்த ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவரே நான் ஆக்கிப் போட்டதத் தின்னு வளந்த ஆளு."

"தெரியும்மா. நீங்க வீட்டுக்குப் போங்க."

சாவியைக் கேட்டார். இடுப்பில் சொருகியிருந்த சாவியை எடுத்து அவர் கையில் கொடுக்கவில்லை. சுவரில் ஆணி இருந்தது, அதில் மாட்டிவிட்டு வந்தேன். அந்தச் சமையல்கட்டை விட்டு நானாகத்தான் போவேன். மே மாதம், மாலை போட்டு, போட்டோ பிடித்து. அதற்கு முன்னால் என்னை யாரும் போகச் சொல்ல முடியாது.

ஜூலை 3, வியாழன்

இசக்கி பரணில் ஏறி ஒரு டம்ளரை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தாள்.

"அத்தை, இனி இதுல குடிங்க. உங்களுக்குன்னு ஒண்ணு இருக்கட்டும். பிள்ளை இருக்கிற வீடுல்ல."

நல்ல கனமான டம்ளர். எங்கள் வீட்டுப் பாத்திரம் எல்லாவற்றிலும் மாமனார் பேர்தான் வெட்டியிருக்கும். இதில் வேறு பேர். தர்ஷினி எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"கு-ரு-வ-ம்-மா. இட்லிக்கடைப் பாட்டி பேரு! ஏன் பாட்டி நம்ம வீட்ல இருக்கு?"

"எல்லாத்தையும் வாசிக்கணுமாக்கும். போயிக் கணக்கப் போடு" என்றேன்.

இசக்கி என் முகத்தைப் பார்க்கவில்லை. கெட்டிக்காரி. இந்த வீட்டு வழக்கத்தை நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

ஜூலை 10, வியாழன்

பஸ் ஏறிப் பெரியாஸ்பத்திரித் தோல் பிரிவுக்குப் போனேன். வரிசையில் எத்தனை விதம்! படர்தாமரை, தேமல், சேற்றுப்புண், புழுவெட்டு விழுந்த தலை, முகத்தில் மங்கு. என் முன்னால் இருந்த வேட்டிக்காரர் சொறிந்த சொறிக்கு எனக்கும் அரித்தது. எல்லாரும் உடம்பை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒருத்தர் வியாதியை ஒருத்தர் ஓரக்கண்ணால் பார்த்து, 'நமக்கு அவ்வளவு இல்லை' என்று தேற்றிக்கொண்டோம். நானும்தான்.

டாக்டர் சின்னப் பெண். என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கையுறை போடவில்லை. நான் கையை இழுத்தேன். அவள் விடவில்லை.

"கொப்புளம் அந்தக் கோன்ல இருக்கிற சாயத்தால வந்தது. அது ஆறிடும். அடியில இருக்கிறது சொரியாசிஸ்மா. ரொம்ப நாளா இருக்கே, நகத்துலயே தெரியுதே. ஏன் வரல?"

"வேலை."

சுவரில் ஒரு படம் இருந்தது. தோலைக் குறுக்கே வெட்டிப் போட்டிருந்தார்கள். பார்க்க அடையைப் பிட்ட மாதிரி அடுக்கடுக்காக. நடவு வயலில் நாற்று நிற்கிற மாதிரி அதில் முடி ஊன்றி நிற்கிறது. ஒவ்வொரு முடியின் தூரிலும் ஓர் எண்ணெய்ப் பை. பக்கத்தில் குடல் மாதிரிச் சுருண்டு வியர்வைக் குழாய்.

"அடித்தட்டுலதான் புதுத்தோல் பிறக்கும். மெல்ல மெல்ல மேல வந்து காய்ஞ்சு உதிரும். எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரு மாசம் ஆகும். உங்களுக்கு நாலஞ்சு நாள்லயே மேல வந்துடுது. உதிர நேரமில்லாம ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிக்குது. அதான் செதில்" என்றாள்.

"அப்போ என் தோலு மத்தவங்க தோல விடச் சுறுசுறுப்புன்னு சொல்லுங்க."

சிரித்துவிட்டாள். "வேலைக்காரத் தோல்தான். ஆனா வேண்டாத வேலை."

நகமும் முடியும் வேறொன்றும் இல்லையாம். தோல் பெற்ற பிள்ளைகள்தானாம். வெளியே தெரிகிற பாகத்துக்கு உயிர் இல்லை, அதனால்தான் வெட்டினால் வலிப்பதில்லை. வேரில்தான் உயிர். விரல் நகம் மாதத்துக்கு ஒரு நெல் அகலம்தான் வளரும். முழு நகமும் புதுசாக ஆறு மாதம் ஆகும்.

"இது ஒட்டாதும்மா. கை குடுத்தா ஒட்டாது, ஒரே தட்டுல சாப்பிட்டா ஒட்டாது, நீங்க சமைச்சாலும் ஒட்டாது. புண்ணு ஆறுற வரைக்கும் மட்டும் சமைக்க வேண்டாம். அது எந்தக் கைக்கும் உள்ள சட்டம்தான். மருந்துக்கடையில நீங்களா டியூப் வாங்கிப் போடாதீங்க."

எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டுக்காரிக்காகக் கேட்கிற மாதிரிக் கேட்டேன்.

"கையில முகத்துல வெள்ளை வெள்ளையாப் படருமே, அது?"

"வெண்புள்ளியா? தோலுக்கு நிறம் குடுக்கிற அணு செத்துப் போறது. அதுவும் ஒட்டாது."

"எப்பவுமே ஒட்டாதா? முன்னாடி ஒட்டி, இப்ப மருந்து வந்ததால ஒட்டாமப் போச்சா?"

"எந்தக் காலத்துலயும் ஒட்டினது இல்லம்மா. ஏன் கேக்குறீங்க?"

"சும்மாத்தான்" என்றேன்.

பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

ஜூலை 31, வியாழன்

கொப்புளம் ஆறிவிட்டது. களிம்பு காலையும் மாலையும். நகத்தில் மருதாணிச் சிவப்பு மேலே ஏறிவிட்டது. அடியில் வெறும் நகம் ஒரு கோடு தெரிகிறது. இனி மருதாணி இல்லை. இதுதான் எனக்குக் காலண்டர்.

ஆகஸ்ட் 7, வியாழன்

டாக்டர் தமிழிலேயே எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தாள்: 'இது தொற்றுநோய் அல்ல. இவர் சமையல் பணி செய்யத் தகுதியானவர்.' மூன்று ஜெராக்ஸ் எடுத்தேன். ஒன்று டீச்சருக்கு, ஒன்று ஒன்றிய ஆபீசுக்கு, ஒன்று பீரோவுக்கு.

டீச்சர் வாசித்துவிட்டு மேசை டிராயரிலிருந்து வேறு ஒரு தாளை எடுத்துக் காட்டினார். பெற்றோர் மனு. நாற்பத்தொரு கையெழுத்து. 'சீனித்தாய் சமைத்தால் எங்கள் பிள்ளைகளைச் சாப்பிட அனுமதிக்க மாட்டோம்.' மேலே மகேஸ்வரி. கீழே என் கையால் சோறு தின்ற பயல்களும் பிள்ளைகளும். இப்போது அவர்கள் அப்பா அம்மா. நாலாவது கையெழுத்துக்காரனுக்கு மூக்கைச் சிந்திவிட்டுச் சோறு ஊட்டியிருக்கிறேன்.

"சர்டிபிகேட் இருக்கு, நான் இல்லங்கல. ஆனா நூத்தி எழுபத்தாறு தட்டும் கவுந்து கிடந்தா நான் என்னம்மா செய்வேன்?"

"எனக்கு வேலை குடுக்காம இருங்க டீச்சர். ஆனா என்னைய வியாதிக்காரின்னு எழுதி அனுப்பிராதீக. அதுக்கு நான் விட மாட்டேன்."

ஆகஸ்ட் 20, புதன்

தர்ஷினி சொன்னாள்: "பாட்டி, தங்கக்கிளி அக்கா சாம்பார்ல உப்பே இல்ல. கொண்டைக்கடலை கல்லு மாதிரி இருக்கு."

நான் சந்தோஷப்படவில்லை. கொஞ்சம்தான் பட்டேன்.

பிறகு சொன்னாள்: "பந்தியில எம்பக்கத்துல யாரும் உக்கார மாட்டேங்காங்க."

அந்தக் கொஞ்சமும் போய்விட்டது.

செப்டம்பர் 15, திங்கள்

முழங்கைச் செதில் பாதி அடங்கிவிட்டது. டாக்டர், இது போகும், வரும், சர்க்கரை மாதிரிக் கூடவே வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றாள். சரி, இருந்துவிட்டுப் போகட்டும். என் மாமியாரோடு பதினெட்டு வருடம் இருந்தவள் நான்.

சிவப்பு பாதி நகத்துக்கு மேலே ஏறிவிட்டது.

அந்த டம்ளரில்தான் குடிக்கிறேன். வேறு டம்ளர் எடுக்கலாம். எடுக்கவில்லை.

அக்டோபர் 2, வியாழன்

கிராம சபை. நான் இதுவரை ஒரு கிராம சபைக்கும் போனதில்லை. இன்று இருக்கிறதிலேயே நல்ல சேலை, அரைக்கை ரவிக்கை. முழங்கை தெரியட்டும்.

மைக் கேட்டேன், கொடுத்தார்கள்.

"எம்பேரு சீனித்தாய். பாதிப் பேருக்கு நான்தான் சோறு போட்டேன். என் கையில இருக்கிறது சொரியாசிஸ். இது ஒட்டாது. இந்தா பெரியாஸ்பத்திரி முத்திரை. யாருக்குச் சந்தேகமோ அவுக எந்திரிச்சு வந்து தொட்டுப் பாருங்க. நாப்பத்தொரு பேரு கையெழுத்துப் போட்டீகளே, அந்தக் கையெழுத்துப் போட்ட விரலு எந்தச் சோத்துல வளந்துச்சு?"

நாலைந்து பேர் தலையைக் குனிந்தார்கள். மகேஸ்வரி விரலைப் பிசைந்தாள். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

அப்போது மகேஸ்வரியின் மாமியார் எழுந்தாள். என் வயதுக்காரி. சத்தமே போடவில்லை. ஊர் விஷயம் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"எல்லாஞ் சரி மதினி. ஒட்டாத வியாதிதான். ஒங்க கொழுந்தன் பொண்டாட்டி குருவம்மாவ நீங்க அடுப்படிக்குள்ள விட்டீகளா?"

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும்.

மைக்கை மேசையில் வைத்தேன். கூட்டத்தின் நடுவே நடந்து வெளியே வந்தேன். வேகமாக நடக்கவில்லை. அதையாவது எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 3, வெள்ளி

எழுத ஒன்றும் இல்லை.

அக்டோபர் 4, சனி

இருக்கிறது. எழுதுகிறேன். இது என் டைரி, யாருக்குப் பயம்?

குருவம்மா இந்த வீட்டுக்கு வந்தபோது மாநிறத்தில் லட்சணமாக இருந்தாள். முதல் பிரசவத்துக்குப் பிறகு விரல் நுனியில் வெள்ளை வந்தது. பிறகு கை, உதட்டோரம். நான் மூத்த மருமகள். அடுப்படி என் கையில். அவளுக்குத் தனித் தட்டு வைத்தேன். டம்ளர் மாறிவிடக் கூடாது என்று பாத்திரக் கடையில் அவள் பேரை வெட்டி வாங்கி வந்தேன். 'பார்த்தியா, உனக்குன்னு பேர் போட்டு வாங்கியிருக்கேன்' என்று சிரித்துக்கொண்டே கொடுத்தேன். அவளும் சிரித்துக்கொண்டே வாங்கினாள். என் நாத்தனார் கல்யாணத்துக்கு, மாப்பிள்ளை வீட்டார் முன்னால் வர வேண்டாம் என்றேன். அந்த வாரமே புருஷனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். எல்லாவற்றையும் எடுத்துப் போனவள் டம்ளரை மட்டும் அடுப்படி வாசலில் வைத்துவிட்டுப் போனாள்.

இருபத்தாறு வருடம். நான் அதைக் கடையில் போட்டிருக்கலாம். பரணில் போட்டேன். ஏன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

காலை ஏழரைக்குக் குருவம்மா கடைக்குப் போனேன். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற பெண்கள், லாரிக்காரர்கள், நல்ல கூட்டம். அவள் கை மணிக்கட்டு வரைக்கும் சுண்ணாம்பில் முக்கியெடுத்த மாதிரி வெள்ளை. அந்தக் கையை நனைத்துத் துணியிலிருந்து இட்லியைப் பிரித்துப் பிரித்து இலையில் போடுகிறாள். ஒருத்தரும் கையைப் பார்க்கவில்லை. இட்லியைத்தான் பார்க்கிறார்கள்.

என்னைப் பார்த்தாள்.

"வாங்க, பெரிய வீட்டு மூத்த மருமகளே. வழி தெரியாம வந்துட்டீகளா?"

"நாலு இட்லி வையி."

"பார்சலா?"

"இங்கதான்."

அவள் நாலு இட்லியைக் கையாலேயே எடுத்து வைத்தாள். சட்னி ஊற்றினாள். நான் சாப்பிட்டேன். மல்லிகைப் பூ மாதிரி இருந்தது. இருபத்தாறு வருடமாக ஊரே சொன்னது பொய்யில்லை. வழித்துச் சாப்பிட்டேன்.

கூட்டம் கலைந்ததும் மடியிலிருந்து டம்ளரை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

"இது உன்னோடது. குடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

எடுத்துப் பேரைத் தடவிப் பார்த்தாள்.

"பளபளன்னு இருக்கே. யாரு இதுல குடிக்கா?"

"நான்தான். மூணு மாசமா. என் மருமக குடுத்தா."

முதலில் உதட்டைக் கடித்தாள். அப்புறம் சிரித்தாள் பாருங்கள், கல்லாப்பெட்டி குலுங்கியது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரிப்பில் வந்த தண்ணீர்தானா என்று எனக்குத் தெரியாது.

"அப்போ இது உங்களோடது. எடுத்துட்டுப் போங்க."

"குருவம்மா, நான் உனக்குச் செஞ்சது..."

"சட்னி போதுமாக்கா?"

"நான் சொல்ல வந்தது..."

"நீங்க சொல்லி முடிச்சிட்டா ஒங்களுக்குப் பாரம் இறங்கிரும். எனக்கு? அதெல்லாம் வேண்டாம்." இலையை எடுத்துப் போட்டாள். "கிராம சபையில மைக்கப் புடிச்சீகளாமே. பேசி என்ன ஆகும்? நான் கட போட்ட முதல் மூணு நாளு ஒரு ஈ வரல. நாலாம் நாளு பசியோட ஒரு லாரிக்காரன் வந்தான். என் கையப் பாத்தான். நான் மறைக்கல. சாப்புட்டான். மறுநாளு ரெண்டு பேரக் கூட்டிட்டு வந்தான். நீங்க என்ன செஞ்சீக? மருதாணியப் பூசி மறைச்சீக. ஒளிச்சு வச்சா ஊரு வேற என்ன நெனைக்கும்?"

இருபத்தாறு வருடத்தில் என்னிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை. எழுந்து போய்விடலாம் என்றுதான் நினைத்தேன்.

"நாளைக்கு ஆறு மணிக்கு வாங்க" என்றாள். "ஆளு பத்தல. முதல்ல இலை எடுக்கணும். சம்மதமா?"

அக்டோபர் 7, செவ்வாய்

இலை எடுத்தேன். மேசை துடைத்தேன். எச்சில் வாளி தூக்கினேன். குருவம்மா, "அக்கா, அந்த மூலைய விட்டுட்டீக" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னாள். இரண்டு தடவையும் மூலை சுத்தமாகத்தான் இருந்தது.

இசக்கி கேட்டாள்: "அத்தை, இந்த வயசுல இது தேவையா? நான் அந்த டம்ளர எடுத்தது தப்புன்னா மன்னிச்சிருங்க."

"நீ செஞ்சது தப்புத்தான். நான் கத்துக்குடுத்த தப்பு. போயி வேலையப் பாரு" என்றேன்.

அக்டோபர் 22, புதன்

தீபாவளி முடிந்து கடை திறந்தது. இன்று முதல் இட்லித் தட்டு என் கையில். புது ரவிக்கை, அரைக்கை. முழங்கையில் இரண்டு இடத்தில் செதில் இருக்கிறது. இருக்கட்டும். பதினாலு ஈடு எடுத்தேன், ஒரு இட்லி உடையவில்லை. மூன்று பேர் என் கையைப் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். குருவம்மா, "போறவுக போகட்டும், சட்னி மிச்சம்" என்றாள்.

நவம்பர் 6, வியாழன்

எழுந்து போனவர்களில் இரண்டு பேர் திரும்பி வந்துவிட்டார்கள். மூன்றாவது ஆள் பக்கத்து ஊர்க்காரர்.

நவம்பர் 16, ஞாயிறு

மகேஸ்வரியின் புருஷன் எப்போதும் ஞாயிற்றுக்கிழமை இங்கேதான் சாப்பிடுவான். இன்று மகனையும் கூட்டி வந்தான். அந்தப் பயல் என்னைப் பார்த்ததும், "ஐ, சத்துணவுப் பாட்டி!" என்று கத்தினான். ஐந்து இட்லி. என் கையால் வைத்தேன். மகேஸ்வரி தேடிக்கொண்டு வந்தபோது ஆறாவது இட்லி வாயில் இருந்தது.

வாசலிலேயே நின்றுவிட்டாள். குருவம்மா கரண்டியைத் தட்டி எல்லாரும் கேட்கும்படி சொன்னாள்:

"ஏம்மா மகேசு, காலைல இந்தக் கை வச்ச இட்லி எறங்குது, மத்தியானம் அதே கை ஆக்குன சோறு எறங்காதோ?"

கடையே சிரித்தது. கிராம சபையில் என்னைப் பார்த்துச் சிரித்த அதே வாய்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சிரிப்பு நடுவே நின்றால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"உக்காரும்மா. பிள்ளைக்குப் பயந்துதான செஞ்ச. நானும் ஒரு காலத்துல பயந்தவதான். உனக்குத் தெரியலன்னா ஒம் மாமியாளக் கேளு. என் கை இந்தா இருக்கு. நல்லாப் பாரு."

இரண்டு கையையும் அவள் முன்னால் நீட்டினேன். அவள் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து, "ரெண்டு வைங்க" என்றாள்.

குருவம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். இதுவரை அப்படிப் பார்த்ததில்லை.

நவம்பர் 26, புதன்

மனுவை மகேஸ்வரியே திருப்பி வாங்கிவிட்டாள். ஜெயசீலி டீச்சர் ஆள் அனுப்பினார். நான் போகவில்லை. வேலைக்கு வேண்டாம் என்று வாசலில் நின்று சொன்னவர், வா என்றும் வாசலில் நின்று சொல்லட்டும் என்றேன்.

சாயந்திரம் வந்தார். என் வீட்டு வாசலில் நின்றார். "திங்கக்கிழமையிலேர்ந்து வந்துருங்கம்மா" என்றார். காபி கொடுத்தேன். எந்த டம்ளரில் கொடுத்தேன் என்று எழுத வேண்டியதில்லை. அவர் பேரை வாசித்தார், குடித்தார்.

டிசம்பர் 1, திங்கள்

சாவி அதே ஆணியில்தான் தொங்கியது. இடுப்பில் சொருகினேன்.

சாம்பார் சாதம், முட்டை. நூற்று எழுபத்தொன்பது பிள்ளைகள். எட்டுப் பேர் சாப்பிடாமல் வீட்டுக்குப் போனார்கள். போகட்டும். பசிக்கும், வருவார்கள். தர்ஷினி பக்கத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

டிசம்பர் 9, செவ்வாய்

எட்டு, மூன்றானது.

டிசம்பர் 21, ஞாயிறு

இன்று நகம் வெட்டினேன். மற்ற விரல்களில் மருதாணி போன வாரமே போய்விட்டது. கட்டைவிரல் இரண்டிலும் நுனியில் மட்டும் பிறை மாதிரிச் சிவப்பு இருந்தது. அதையும் வெட்டிவிட்டேன். அடியிலிருந்து வந்த நகத்திலும் குழி இருக்கிறது. குழி உள்ள நகம், என் நகம்.

பிறகு டம்ளரை எடுத்துக்கொண்டு பாத்திரக் கடைக்குப் போனேன். பழைய பேரை அழித்துவிட்டு வெட்டித் தரவா என்றான். அழிக்கக் கூடாது, கீழே வெட்டு என்றேன். என் பேரைச் சொன்னேன். எழுத்து குண்டாக இருக்க வேண்டும் என்று தாளில் எழுதியும் காட்டினேன்.

கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துக் குருவம்மாவிடம் கொடுத்தேன். வெள்ளை விரலை வைத்து இரண்டு பேரையும் வாசித்தாள்.

"மேல என் பேரு, கீழ ஒங்க பேரு."

"ஆமா."

"மூத்த மருமக கீழயா?"

"ஆமாங்கறேன்ல."

அவள் அதில் காபி ஆற்றினாள். தான் பாதி குடித்தாள். வாயைத் துடைக்காமல் மீதியை என் பக்கம் தள்ளினாள்.

"இந்த மூலைய மட்டும் நல்லாத் தொடச்சிருங்கக்கா" என்றாள்.

குடித்துவிட்டுத் துடைத்தேன்.